இத்தாலிக்காரன் ஓட்டலில் தேங்காய்ப்பூ

எனக்கு எண்பத்திரண்டு வயது முடிந்து ஆறு மாதம் ஆகிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுப்போனது. அது எது என்று வெளியாள் ஒருவர்கூட இதுவரை சரியாகச் சொன்னதில்லை. படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் எழுதுவேன். அதனால் என்ன, என்னை யாரும் துரத்தவில்லை.

எழுதப்போவது ஒரு மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி. தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கொழும்புக்குப் போய், அங்கே ஓர் இத்தாலிக்காரன் ஓட்டலில் நானும் என் வீட்டுக்காரரும் சாப்பிட்ட சாப்பாடு. உலகத்துப் பெரிய சண்டை முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. மகளுக்கு ஐந்து, மகனுக்கு இரண்டு. மற்றவர்கள் பிற்பாடு வந்தவர்கள்.

என் வீட்டுக்காரர் கொழும்பில் புறக்கோட்டைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தார். கருப்பட்டி, மிளகாய் வற்றல், வெங்காயம். எல்லாம் இங்கிருந்து தோணியில் போகும். அப்போது எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்பிள்ளைகள் கொழும்பில்தான் இருந்தார்கள். பெண்டுகளும் பிள்ளைகளும் இங்கே. வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ வருவார்கள், ஒரு மாதம் இருப்பார்கள், சோப்பும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள், போய்விடுவார்கள். சண்டைக் காலத்தில் அவர் ஒன்றரை வருஷம் வரவே இல்லை. இது யாருக்கும் பெரிய குறையாகப் படவில்லை. எனக்கும் படாமல்தான் இருந்தது.

அந்த வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்திருந்தார். வந்து நாலாம் நாள். நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். என் மகள் வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எம்மா, அந்தக் கொழும்பு மாமா எப்பம் ஊருக்குப் போவாக?"

அவர் அடுப்படிக்கு வெளியே வாளித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டது. என் மாமியார் முதலில் சிரித்தாள், மகன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டாள். அவர் துண்டை எடுத்துக் காலைத் துடைத்தார். காய்ந்த காலையே மறுபடியும் துடைத்தார்.

எனக்கு அன்றைக்கே தீர்மானம் ஆகிவிட்டது. சாப்பாடு போடும்போதே ஆரம்பித்தேன்.

"நாங்களும் கொழும்புக்கு வாரோம்."

"எங்க வாரீக?"

"நீங்க இருக்க எடத்துக்குத்தான். ஒரு வீடு பாருங்க. பிள்ளையளும் நானும் வந்துருதோம்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "ஏளா, அது நம்ம ஊரு மாதிரி கெடையாது. அங்கன உன்னால இருக்க முடியாது."

"ஏன், அங்கன மனுசங்க இல்லையா?"

"மனுசங்கதான். ஆனா வேற மாதிரி மனுசங்க. அங்கன பொம்பளைக வீட்டுக்காரரோட சோடியா ஓட்டலுக்கு வாராக. நாற்காலியில ஒக்காந்து கத்தி, முள்ளு வச்சிச் சாப்பிடுதாக. இத்தாலிக்காரன் ஓட்டல் ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா நிக்க எடம் இருக்காது. நான்லாம் அங்கனதான் சாப்பிடுதது. உன்னய அங்கன கூட்டிட்டுப் போனா நாலு பேரு சிரிப்பாக."

அந்த ஓட்டலைப் பற்றி எனக்குத் தெரியும். கடிதத்தில் எழுதுவார். நான் எழுத்துக் கூட்டி மாமியாருக்கு வாசித்துக் காட்டுவேன். மேசைக்கு மேசை சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட துணி விரித்திருக்கும். பாட்டிலின் வாயில் மெழுகுவத்தி சொருகியிருப்பார்கள். இடியாப்பத்தைச் சிக்கெடுத்து நீளமாக விட்டது போல ஒரு பலகாரம், அதை முள்கரண்டியில், ராட்டைக் கதிரில் நூல் சுற்றுவது போலச் சுற்றி வாயில் போடவேண்டும். முதலாளிக்குப் பெரிய வயிறு, முழங்கை வரை மாவு. இப்படியெல்லாம் எழுதுவார். வாசித்து முடித்ததும் என் மாமியார், "எம்மவன் தொரையாட்டம் சாப்பிடுதான்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வருவாள்.

அதே மாமியார்தான் அன்றைக்கு எனக்காகப் பேசினாள்.

"ஏலே, அவ சாப்பிடுததுல உனக்கு என்னல கொற? ஒரு தடவ கூட்டிட்டுப் போயிதான் பாரேன்."

நான் விடவில்லை. "சரி, ஒரு பேச்சு. என்னய அந்த ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போங்க. நாலு பேரு சிரிக்கிதாப்பல நான் ஏதாவது பண்ணினா, இனி சாகுத வரைக்கும் கொழும்புப் பேச்ச எடுக்க மாட்டேன். பண்ணலன்னா நீங்க வீடு பாக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகளையும் பார்த்தார். "சரி" என்றார். முழு மனசோடு சொன்ன மாதிரி எனக்குப் படவில்லை. தோற்றுப்போவோம் என்று பயப்படுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பலுக்குப் பதினைந்து நாள் இருந்தது. மாமியார் எனக்கு வாத்தியார் ஆனாள். எங்கள் வீட்டில் முள்கரண்டி ஏது? பனை ஈர்க்கு மூன்றைச் சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டி, முனையை விரித்து ஒன்று செய்தாள். காலையில் இடியாப்பம் அவித்துத் தட்டில் வைத்து, "சுத்து" என்பாள். நான் சுற்றுவேன். இடியாப்பம் உடைந்து பொலபொலவென்று விழும்.

"ஏளா, கோழி குப்பையக் கெளறுத மாதிரி கெளறாத. மெள்ள."

"நீங்க சுத்திக் காட்டுங்க அத்தை."

"நான் எதுக்குச் சுத்தணும்? நானா கொழும்புக்குப் போறேன்?" என்பாள். ஆனால் நான் அந்தப் பக்கம் போனதும் அவள் சுற்றிப் பார்த்ததை என் கண்ணால் பார்த்தேன். அவளுக்கும் உடைந்துதான் விழுந்தது.

பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, கப்பலேறப் போடவேண்டிய ஊசியைப் போட்டுக்கொண்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். எங்கள் ஊரில் அப்போது பெரிய கப்பல் கரைக்கு வராது. ஆழம் பற்றாது. தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். படகுத்துறைப் பாலத்திலிருந்து விசைப்படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலின் ஏணியில் விடுவார்கள். போகும் வழியில் திரும்பிப் பார்த்தால் உப்பளத்துக் குவியல்கள் வரிசையாக வெள்ளை வெளேரென்று தெரிந்தன. கரையில் நின்று எத்தனையோ தடவை கடலைப் பார்த்திருக்கிறேன், கடலில் நின்று எங்கள் ஊரைப் பார்த்தது அன்றைக்குத்தான். லட்சணமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு நான் முத்துக் கம்மல் போட்டிருந்தேன். என் அப்பா முத்துக்குளிப்பு நடந்த ஒரு காலத்தில் ஏலத்தில் சிப்பி எடுத்து, அழுகவிட்டு, நாற்றம் தாங்காமல் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அலசினார். மொத்தக் குவியலிலும் தேறியது இரண்டே முத்து. ஒன்று கொஞ்சம் பெரியது, ஒன்று கொஞ்சம் சிறியது. தட்டான் சோடி சேராது என்றானாம். அப்பா, "எம்மவளுக்குக் காது ரெண்டும் ஒரே அளவா இருக்குன்னு நீ கண்டியா?" என்று சொல்லிக் கம்மல் செய்துவிட்டார். பெரியதை வலது பக்கம் போடுவேன்.

கப்பலில் என் வீட்டுக்காரருக்குத்தான் குமட்டல். எனக்கு ஒன்றுமில்லை. எலுமிச்சம்பழத்தை அவர் மூக்கில் பிடித்துக்கொண்டே போனேன். விடிந்ததும் கொழும்பு.

எங்கள் ஊர்க்காரர் வீடு ஒன்றில் தங்கினோம். முதல் இரண்டு நாளும் ஊர் சுற்றல்தான். தண்டவாளத்தில் ஓடும் டிராம் வண்டியில் ஏறினோம். ஒரு பெரிய கடையில் பெட்டிக்குள் நிற்கவைத்துக் கதவைச் சாத்தி, திறந்தால் மாடி. அதில் மூன்று தடவை ஏறி இறங்கினேன், ஒன்றும் வாங்கவில்லை. காலிமுகத்திடலில் கடலைப் பார்த்துக்கொண்டு மாங்காய் தின்றோம். அலை எங்கள் ஊரைவிடப் பெரிது, மாங்காய் எங்கள் ஊரைவிடப் புளிப்பு. அவர் கடையையும் காட்டினார். கடைக்கு மேலே தாழ்வான மச்சு. அதில் எட்டு ஆண்கள் பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அவர் பாய் எது என்று கேட்டேன். ஓரத்தில் இருந்ததைக் காட்டினார். அதன்மேல் எங்கள் மகளின் பழைய பாவாடை ஒன்று மடித்து வைத்திருந்தது. தலைக்கு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். அவர் கோட் போட்டுக்கொண்டார். நான் கூறைப்புடவை. வழி முழுக்க எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். சத்தம் போட்டுப் பேசாதே, காலைத் தூக்கி நாற்காலியில் வைக்காதே, உறிஞ்சாதே. நான் எல்லாவற்றுக்கும் சரி என்றேன். இடுப்பில் மாமியார் செய்த ஈர்க்குக் கரண்டி இருந்தது, துணைக்கு.

ஓட்டல் வாசலுக்கு வந்ததும் கண்ணாடிக் கதவை இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். உள்ளே இருந்து ஒரு சின்னப் பெண் பிள்ளை எங்களைப் பார்த்துக் கையால் தள்ளிக் காட்டியது. தள்ளினோம், திறந்துகொண்டது. "புதுசா மாத்தியிருக்கான்" என்றார்.

உள்ளே போனதும் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். நானும் நின்றேன். எனக்கு அப்போதே லேசாக ஒரு நினைப்பு. வாரம் தவறாமல் வருகிற ஆளை எந்தக் கடை அண்ணாச்சியும் இப்படி நிற்கவைக்க மாட்டார். எங்கள் தெருக் காப்பிக் கடையில் வாடிக்கைக்காரர் தலை தெரிந்தாலே டம்ளரைக் கழுவ ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கவுன் போட்ட ஓர் அம்மாள் வந்தாள். முதலாளியின் பெண்சாதி. அவள் அந்த ஊர்ப் பறங்கிப் பெண், வெள்ளைக்காரக் கலப்பு. இத்தாலிக்காரன் சண்டையில் பிடிபட்டு வந்தவனாம், விட்ட பிறகு ஊருக்குத் திரும்பாமல் இவளைக் கட்டிக்கொண்டு ஓட்டல் போட்டுவிட்டானாம். அவள் என் புடவையைப் பார்த்ததும் தமிழில் கேட்டாள்.

"தூத்துக்குடியோ?"

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீக?"

"எங்கட வீட்டுக்குப் பக்கத்தில எல்லாம் கருப்பட்டிக் கடைக்காரர்தானே. கலியாணத்துக்கெல்லாம் போயிருக்கிறன். இருங்கோ அம்மா. மாட்டிறைச்சி போடாமல் தாறன், பயப்படவேண்டாம்."

இவ்வளவு நேரம் எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான். அது போயிற்று. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தோம். கட்டம் போட்ட துணி இருந்தது, மெழுகுவத்திப் பாட்டில் இருந்தது, எல்லாம் கடிதத்தில் எழுதியபடியே. அச்சடித்த அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒரு வரியில் விரலை வைத்து, "இது ரெண்டு" என்றார்.

வந்தது. நீளநீளமாக இழை, மேலே சிவப்பாகத் தக்காளிக் குழம்பு, நடுவில் கோழித் துண்டு. கூடவே ஒரு கிண்ணம். கிண்ணத்தில் வெள்ளையாக, பூப்போலத் துருவியது, குவித்து வைத்திருந்தது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

அவர் கண் ஒரு தரம் கொட்டியது. "தேங்காப்பூ. வேற என்ன? நல்லா போட்டுக்கோ."

இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பூ. எனக்கு மனசு லேசாகிவிட்டது. எந்தத் தேசமாக இருந்தால் என்ன, நாக்கு ஒன்றுதான் என்று தோன்றியது. கிண்ணத்தில் கையை விட்டு அள்ளினேன். மூன்று கை. புட்டுக்குப் போடுகிற மாதிரி இழை தெரியாமல் மூடினேன். அவர் எனக்குக் குறையக்கூடாது என்று மிச்சத்தை அப்படியே தன் தட்டில் கவிழ்த்தார். சீனி எங்கே என்று மேசையைச் சுற்றிப் பார்த்தேன். நல்ல காலம், கேட்கவில்லை.

முள்கரண்டியை எடுத்தேன். பதினைந்து நாள் பழகியது வீண் போகவில்லை, ஒரு சுற்று சுற்றியது. வாயில் வைத்தேன்.

அதை எப்படி எழுதுவது. ஆட்டுக் கொட்டிலில் ஒரு வாரம் மூடி வைத்த மோர்ப்பானையை, உப்பைக் கொட்டிக் காயவைத்துத் துருவினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. தேங்காயை எதிர்பார்த்துக் காத்திருந்த நாக்குக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று படிக்கிறவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும்.

நான் முகத்தை அசைக்கவில்லை. எதிரே பார்த்தேன். என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெல்லவில்லை, விழுங்கவில்லை. கண்ணில் நீர் முட்டி நின்றது. காது இரண்டும் மேசைத் துணியின் சிவப்பு. பிறகு தும்மினார். தேங்காய்ப்பூ பறந்து பாட்டில் மேல் விழுந்தது. பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் விளங்கிவிட்டது. துணியின் கட்டம், மெழுகுவத்தி, முதலாளியின் வயிறு, நூல் சுற்றுகிற மாதிரிச் சாப்பிடுவது. கடிதத்தில் எழுதியதெல்லாம் கண்ணால் பார்க்கிற சங்கதி. வாசனை பற்றியோ ருசி பற்றியோ ஒரு வார்த்தை அவர் எழுதியதே கிடையாது. ஜன்னலைப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் நடைபாதை. அங்கே நின்றால் உள்ளே எல்லாம் தெரியும்.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. 'எத்தன ஞாயித்துக்கெழம இந்தத் தேங்காப்பூவச் சாப்பிட்டீக?' இதைக் கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும், வீடும் கிடைத்திருக்கும். நான் எதிலும் தோற்றுப் பழக்கமில்லாதவள். ஆனால் அவர் காதைப் பார்த்தபோது கேட்க முடியவில்லை. ஒரு மனுஷரை அவர் அளந்துவிட்ட பெருமையிலேயே கவிழ்த்துவிட்டு, பிறகு அவரோடு ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் பண்ணுவது?

எழுந்தேன். பறங்கி அம்மாளிடம் கை கழுவ இடம் கேட்டேன். கழுவிவிட்டு வந்து, முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, கையாலேயே பிசைந்தேன். அப்படிப் போட்ட சாப்பாட்டுக்குக் கைதான் சரி. பக்கத்து மேசைப் பெண்கள் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன், என்ன வேண்டும் என்கிற மாதிரி. அவர்கள் தங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது வாய்க்கு நாற்றம் பழகிவிட்டது. ஐந்தாவது வாய்க்கு, சொன்னால் நம்பமாட்டார்கள், நன்றாகக்கூட இருந்தது. இலையில் மிச்சம் வைத்துப் பழக்கமில்லை. வழித்துச் சாப்பிட்டேன்.

அந்தத் தட்டைப் பார்த்த பறங்கி அம்மாள் உள்ளே போய் முதலாளியைக் கூட்டிவந்துவிட்டாள். பெரிய வயிறு, முழங்கை வரை மாவு. அவன் என் தட்டையும் காலிக் கிண்ணத்தையும் பார்த்து, கையை ஆட்டி என்னவோ படபடவென்று சொன்னான்.

"இவ்வளவு சீஸ் போட்டுச் சாப்பிட்ட ஆட்கள் இந்த ஊரில இல்லையாம்," என்றாள் அவள். "ஆட்டுப்பாலில செய்தது. இஞ்ச எல்லாரும் மூக்கைப் பொத்துவினம். அவருடைய அம்மாதான் இப்பிடிக் கை நிறைய அள்ளிப் போடுவாவாம்."

"நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க," என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அவன் உள்ளே ஓடிப்போய் ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்து என் தட்டில் போட்டான். அதன்மேல் தன் கையாலேயே அந்தச் சீஸைத் துருவினான். நான் இரண்டு கையையும் விரித்துத் தட்டை மறைத்தேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்து, என் கையை மெதுவாக நகர்த்திவிட்டு மறுபடியும் துருவினான். பிறகு என் வீட்டுக்காரருக்கும் ஒரு மரியாதை செய்யவேண்டுமே. அவர் தட்டிலும் ஒரு குவியல். செய்துவிட்டுச் சந்தோஷமாக அடுப்படிக்குப் போனான்.

அவர் தட்டில் முதலில் போட்டதே அப்படியே இருந்தது. மெதுவாகக் கூப்பிட்டார்.

"ஏளா."

"என்ன?"

"என்னால முடியாது."

எங்கள் வீட்டில் அவர் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் நான் உட்காருவேன். அந்தக் காலத்துப் பழக்கம். அது அங்கே உதவியது. அவர் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "நீங்க கோழிய மட்டும் எடுத்துக்கிடுங்க," என்றேன். எடுத்துக்கொண்டார். கோழியைக் கடித்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் இதுக்கு முந்தி உள்ள வந்தது இல்ல."

"ம்."

"ஞாயித்துக்கெழம கட சாத்திருக்கும். மச்சுல எல்லாரும் படுத்துக் கெடப்பானுக. நான் இப்படி நடந்து வந்து அந்தா அங்கன நிப்பேன். எல்லாரும் குடும்பத்தோட வந்து சாப்பிடுதாக. ஒத்தையாளா உள்ள வந்து ஒரு மேசைய முழுசாப் பிடிச்சிக்கிட்டு எப்படி ஒக்காருதது?"

எனக்கு வாய் நிறையச் சீஸ்.

"ஒரு தடவ சும்மா எழுதுனேன். அம்மா தெருவெல்லாம் சொன்னாள்னு நீ பதில் போட்ட. அப்புறம் நிறுத்த முடியல."

"சரி, வீடு பாக்கதுக்கு ஏன் மாட்டேன்னீக?"

"நீங்க வந்தா நான் எப்படி இருக்கேன்னு தெரிஞ்சிரும்லா."

அதைச் சொல்லிவிட்டு என் தட்டைப் பார்த்தார். "இதுக்கு மேல சாப்பிடாத. வயித்துக்கு ஆகாது."

அவர் சொன்னது சரிதான். ஆனால் எப்படி நிறுத்துவது? மிச்சம் வைத்தால் அந்த மனுஷன் முகம் வாடிவிடும். காலி பண்ணினால் மறுபடியும் சட்டியோடு வருவான். இலையாக இருந்தால் மடித்துவிட்டு எழுந்திருக்கலாம். பீங்கான் தட்டை எங்கே மடிப்பது? மடியில் போட்டுக்கொள்ள ஒரு வெள்ளைத் துணி கொடுத்திருந்தார்கள். அதை விரித்து இரண்டு தட்டின்மேலும் போட்டு, வெளிப்பக்கத்திலிருந்து என்னைப் பார்க்க, நல்ல வீட்டு விருந்தில் இலையை மடிக்கிற மாதிரி மடித்தேன். தூரத்திலிருந்து பறங்கி அம்மாள் பார்த்துவிட்டாள். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் சாப்பிட்டவள் அல்லவா. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தாள். முதலாளி எட்டிப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தான். சட்டி வரவில்லை.

அவள் சிரித்தாளே, அது கணக்கில் சேருமா என்று எனக்கு ஒரு சந்தேகம். வெளியே வந்ததும் அதையே கேட்டேன்.

"நாலு பேரு சிரிக்கிதாப்பல நான் ஏதாவது பண்ணினனா?"

"இல்ல," என்றார். "தும்முனது நான்தான்."

"அப்பம் வீடு?"

"நாளைக்கே பாப்போம்."

திங்கட்கிழமை கடையைப் பார்க்க ஆள் வைத்துவிட்டு என்னோடு வந்தார். நாலு வீடு பார்த்தோம். ஒன்றில் கிணறு இல்லை, ஒன்றில் வெளிச்சம் இல்லை, ஒன்றில் வீட்டுக்காரி என் கம்மலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது வீட்டில் இரண்டு அறை, பின்னால் ஒரு பலாமரம். அடுப்படி சின்னது. நான் அதற்குள் நின்று கையை நீட்டிச் சுற்றிப் பார்த்தேன், இடிக்கவில்லை. போதும் என்றேன்.

ஊருக்குத் திரும்பியதும் மாமியார் படி இறங்கி வந்து கேட்டாள், பிள்ளைகளைக்கூட என்னிடம் விடாமல்.

"என்னளா, எப்படி இருந்துச்சு ஓட்டலு?"

"அவுக எழுதுன மாதிரியே இருந்துச்சு அத்தை. சாப்பிட்டு முடிச்சதும் ஓட்டல்காரர் அவுக மேசையப் பாத்து நெஞ்சுல கை வச்சித் தல குனிஞ்சாரு."

அதில் பொய் ஒன்றும் இல்லை. மாமியார் அன்றைக்குப் பொழுது சாயும் முன்னே தெருவைச் சுற்றிவிட்டு வந்தாள். அவள் என்ன சொன்னாளோ, மறுநாள் அடுத்த தெருவிலிருந்து ஒருத்தி, என் வீட்டுக்காரருக்கு அந்த ஓட்டலில் தனி நாற்காலி போட்டிருக்கிறார்களாமே என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன்.

அடுத்த மாதமே பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தோம். மாமியார் வர மறுத்து, அழுது, பிறகு எங்களுக்கு முன்னால் படகில் ஏறி உட்கார்ந்தாள். ஒன்பது வருஷம் அந்த வீட்டில் இருந்தோம். அதற்குப் பிறகு எல்லாரும் தூத்துக்குடிக்கே வந்து கடை போட்டோம், அது வேறு கதை. அந்த ஒன்பது வருஷமும் மத்தியானம் ஒரு மணிக்கு அவர் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கும். உப்புக் கூடிவிட்டது என்பார், ரசம் ஆறிவிட்டது என்பார். மச்சில் எட்டுப் பேரோடு உட்கார்ந்து சாப்பிட்ட காலத்தில் அவர் குறையே சொல்லாமல் சாப்பிடுவாராம், கடையாட்கள் என்னிடம் சொன்னார்கள். குறை சொல்ல ஆள் வேண்டாமா? நான் இரண்டாம் கரண்டி போட்டுக்கொண்டே கேட்டுக்கொள்வேன். இத்தாலிக்காரன் ஓட்டலுக்கும் போவோம். சீஸ் கிண்ணத்தை அவர் என் பக்கம் நகர்த்திவிடுவார்.

அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. கடைசி வரைக்கும், வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த ஓட்டலைப் பற்றிச் சொல்லுவார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே சாப்பிட்டவர் மாதிரிச் சொல்லுவார். சொல்லிக்கொண்டே ஒரு தரம் என் பக்கம் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். மாமியாருக்குத் தெரியாது, பிள்ளைகள் ஆறு பேருக்கும் தெரியாது. இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்டால், எல்லாம் தெரிந்த மனுஷர் என்றுதான் பிள்ளைகள் அவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்த நடைபாதையில் நின்ற மனுஷர்தான் ரொம்பப் பிரியம். அவரையும் யாராவது தெரிந்துவைத்திருக்கட்டுமே. ஆனாலும் எழுதிய பிறகு மனசு கொஞ்சம் உறுத்துகிறது.

அதனால் பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன்.

"ஏளா, அந்த ரேடியோவ நிறுத்திட்டு இங்கன வந்து ஒக்காரு. எழுத்து கோணலா இருந்தாலும் சிரிக்காம மொதல்ல இருந்து வாசி. தாத்தாவக் கொறச்சலா எழுதுன மாதிரி எந்த எடமாவது பட்டுச்சின்னா நிறுத்திச் சொல்லு, அடிச்சிருவோம். ம், மெள்ள வாசி."